நியூட்ரான் சரிந்த மில்லிநொடிகள்: பி.டி.எக்ஸ். டோகாமக்கின் மீன்முள் நிகழ்வு

மிர்னோவ் சுருள் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத பொருள். சில சுற்றுக் கம்பி, இரண்டு முனை, அவ்வளவுதான். பிளாஸ்மா, அதாவது கடும் சூட்டில் எலக்ட்ரான் கழன்று மின்னூட்டம் பெற்ற வாயு, இருக்கும் கலத்தின் சுவரோரம் இப்படிப் பல சுருள்களைப் பொருத்திவிடுவார்கள். அருகில் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் எழும். மாறாவிட்டால் சும்மா கிடக்கும். அமைதியான பிளாஸ்மாவில் அது வரைந்து தருவது லேசாக மயிர் முளைத்த மாதிரி ஒரு நேர்கோடு.

1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த பி.டி.எக்ஸ். என்ற டோகாமக்கில் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாகக் கட்டிவைத்து அணுப்பிணைவுக்கு முயலும் கருவி) இந்தக் கோடு வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தது. சூடேற்றும் துகள் கற்றைகளைப் பெரிய வலுவில் போட்டதும், கோட்டின் ஓரிடத்தில் குட்டிக் குட்டியாக மேலும் கீழும் கீறல்கள் எழும். போகப்போக நீளும். அப்புறம் சிறுத்து மறைந்துவிடும். எல்லாம் ஒரு மில்லிநொடிக்குள். பிறகு சில மில்லிநொடி அமைதி. மறுபடியும் அதே உருவம். மத்தி மீனைத் தின்றுவிட்டுத் தட்டோரம் ஒதுக்கிய முள்ளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு வேறு உவமை தேவைப்படாது. ஆய்வாளர்களுக்கும் தேவைப்படவில்லை. 'மீன்முள்' என்றே பெயர் வைத்தார்கள். 1983இல் கெவின் மெக்வையர் முதலானோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலேயே அந்தப் பெயர் ஏறிவிட்டது.

பெயர் வேடிக்கையானது, விஷயம் அப்படி இல்லை. சுருளின் கோட்டுக்குக் கீழே அணுப்பிணைவில் வெளிவரும் நியூட்ரான்களைக் கணக்கெடுக்கும் நியூட்ரான் எண்ணியின் கோட்டையும் அதே நேர அளவில் வைத்துப் பார்த்தால் அது புரிந்துவிடும். ஒவ்வொரு மீன்முள் தோன்றும்போதும் நியூட்ரான் எண்ணிக்கை செங்குத்தாக விழுகிறது. பிறகு மெதுவாக ஏறுகிறது. அடுத்த முள் வந்ததும் மீண்டும் விழுகிறது. கற்றைகளோ நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உள்ளே போட்டுக்கொண்டே இருக்கும் ஒன்று, சில மில்லிநொடிக்கு ஒருமுறை எங்கோ வழிந்துபோகிறது. எது போகிறது, ஏன் போகிறது, யார் தள்ளுகிறார்கள் என்பதுதான் வழக்கு.

கருவியும் கற்றையும்

பி.டி.எக்ஸ். 1978இல் இயங்கத் தொடங்கியது. வளையத்தின் மையத்திலிருந்து பிளாஸ்மாவின் நடுக்கோடு வரை சுமார் 1.4 மீட்டர், பிளாஸ்மாக் குழாயின் ஆரம் சுமார் 40 சென்டிமீட்டர். பிளாஸ்மாவின் ஓரத்து அழுக்கைக் காந்தப்புலத்தாலேயே திசைதிருப்பி வேறொரு அறைக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டைச் சோதிக்கத்தான் அதைக் கட்டினார்கள். கருவியின் முழுப்பெயரான போலாய்டல் டைவர்ட்டர் எக்ஸ்பெரிமென்ட்டில் டைவர்ட்டர் என்பது அந்த வேலைதான். ஆனால் பின்னாளில் அதற்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது: ஒரு காந்தப்புலம் எவ்வளவு பிளாஸ்மா அழுத்தத்தைத் தாங்கும் என்று பார்ப்பது.

பிளாஸ்மாவின் அழுத்தத்தைக் காந்தப்புலத்தின் அழுத்தத்தால் வகுத்தால் வருவதற்குப் பெயர் பீட்டா. 1.5 டெஸ்லா புலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 9 வளிமண்டலம். பீட்டா 3 சதவீதம் என்றால் அது தாங்கிப் பிடித்திருப்பது கால் வளிமண்டலத்துக்குச் சற்று மேல். ஒன்பது பேர் சேர்ந்து கால் ஆள் எடையைத் தூக்குகிற கணக்கு. அணுப்பிணைவில் கிடைக்கும் திறன் அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்து உயர்வதாலும், காந்தங்கள்தான் செலவிலேயே பெரியவை என்பதாலும், பீட்டாவில் ஒரு சதவீதம் ஏறினாலும் அது பெரிய சம்பாத்தியம்.

அழுத்தத்தை ஏற்ற சூடு வேண்டும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) அயனிகளை ஏறக்குறைய 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு முடுக்கி, அவற்றுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து மின்னூட்டமில்லாத அணுவாக்கி உள்ளே எய்வார்கள். மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலம் அதைத் தடுக்காது. உள்ளே போனதும் பிளாஸ்மா அதன் எலக்ட்ரானைப் பறித்துவிடும். அது மறுபடி அயனி ஆகும். புலத்தில் மாட்டிக்கொண்டு, மோதி மோதித் தன் ஆற்றலைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கொடுத்து ஓய்ந்துபோகும். பி.டி.எக்ஸ்.க்கான கற்றைக் கருவிகளைச் செய்துகொடுத்தது ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம். மொத்த வலு சில மெகாவாட்.

இந்தக் கற்றையை இரண்டு விதமாக எய்யலாம். வளையத்தின் ஓட்டத்தை ஒட்டி, நடுக்கோட்டை உரசுகிற மாதிரி சாய்வாக எய்வது ஒன்று. வெளியிலிருந்து மையத்தைப் பார்த்து நேர்க்குறுக்காக எய்வது இன்னொன்று. சாய்வாக எய்ய வேண்டுமென்றால் காந்தச் சுருள்களுக்கு நடுவே குறுகலான சந்தில் கற்றையை நுழைக்க வேண்டும், பொறியாளருக்குத் தலைவலி. குறுக்கே எய்வது எளிது. பி.டி.எக்ஸ்.இன் கற்றைகள் ஏறத்தாழக் குறுக்காகவே வைக்கப்பட்டிருந்தன. சூடேற்றுவதற்கு இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இந்த வழக்கு முழுவதும் அந்த ஒரு சாய்வுக் கோணத்தில்தான் தொங்குகிறது.

வாழைப்பழமும் ராட்டினமும்

டோகாமக்கின் காந்தக்கோடுகளைக் கற்பனை செய்யக் கைமுறுக்கை எடுத்துக்கொள்ளலாம். மாவுத் திரியைக் கையால் திருகிக்கொண்டே வட்டமாகச் சுற்றுவார்களே, அந்தத் திருகல்தான் புலக்கோடு. ஒரு கோடு குழாயைக் குறுக்கே ஒருமுறை சுற்றி வருவதற்குள் வளையத்தை நெடுக எத்தனை முறை சுற்றுகிறது என்பதைக் கியூ என்ற எண் சொல்லும். மையத்துக்கு அருகே கியூ ஒன்றாகும் ஒரு பரப்பு இருந்தால் அது பலவீனமான இடம். ஒரே சுற்றில் தன் வாலைத் தானே கடிக்கும் கோடுகள் அங்கே இருப்பதால், அதற்கு உள்ளே இருக்கும் பிளாஸ்மா முழுவதும் ஒரு தண்டு போலச் சாய்ந்து, திருகலோடு சேர்ந்து ஒருபக்கம் புடைக்கப் பார்க்கும். இதை உள் கின்க் என்பார்கள். கயிற்றை அளவுக்கு மீறி முறுக்கினால் நடுவில் ஒரு கொக்கி விழுமே, அந்த வகைதான்.

புலம் எல்லா இடத்திலும் ஒரே வலுவில் இல்லை. வளையத்தின் உட்பக்கம், அதாவது ஓட்டைப் பக்கம், வலு அதிகம், வெளிப்பக்கம் குறைவு. சாய்வாக எய்த அயனி கோட்டை ஒட்டியே ஓடுவதால் இந்த மேடுபள்ளம் அதற்கு ஒரு பொருட்டில்லை, சுற்றிக்கொண்டே போய்விடும். குறுக்காக எய்த அயனிக்குக் கோட்டின் வழியே வேகம் குறைவு, கோட்டைச் சுற்றும் வேகம்தான் அதிகம். அது வலுவான பகுதியை நோக்கி வரும்போது மேடேற முடியாமல் திரும்பிவிடும். எதிர்ப்பக்கமும் அப்படியே. வெளிப்பக்கத்திலேயே போவதும் வருவதுமாகச் சிறைப்பட்டுவிடுகிறது. அந்தப் பாதையைக் குறுக்குவெட்டில் வரைந்தால் வாழைப்பழம் மாதிரி இருக்கும். வாழைப்பழப் பாதை என்பது இத்துறையில் எல்லாரும் சொல்கிற சொல்.

இந்த வாழைப்பழம் ஓரிடத்தில் நிற்பதில்லை. புலத்தின் வளைவாலும் ஏற்றத்தாழ்வாலும் அது மெல்ல வளையத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஒரு வரியில் தோராயமாகப் போட்டுவிடலாம். ஆற்றலை வோல்ட்டில் எடுத்து, புலம், பெரிய ஆரம், அயனி இருக்கும் சிறிய ஆரம் மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். கியூ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 50,000-ஐ 1.5 டெஸ்லா, 1.4 மீட்டர், 0.15 மீட்டர் ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 1,59,000 ரேடியன். 2π-ஆல் வகுத்தால் 25 கிலோ ஹெர்ட்ஸ்.

மீன்முள்ளின் கீறல்களை எண்ணினாலும் 20 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டிய எண்தான் வரும். இதைச் சும்மா தற்செயல் என்று விட முடியுமா?

சந்தேகம் யார் மேல்

இந்தக் கணக்கை நான் எடுத்த எடுப்பிலேயே போட்டுவிட்டேன். அன்றைக்கு ஆய்வாளர்கள் அப்படி நேராக அங்கே போய் நிற்க முடியவில்லை. அவர்கள் முன்னால் வேறு சந்தேக நபர்களும் இருந்தார்கள்.

முதல் ஆள், பிளாஸ்மாவின் மொத்த அழுத்தம். மீன்முள் சும்மா வரவில்லை. பீட்டாவைக் கியூவால் பெருக்கினால் 0.045ஐத் தாண்டும்போதுதான் பலமாக வந்தது. கியூ 2.5 ஆக இருந்தால் பீட்டா 1.8 சதவீதத்தில் வாசல் திறந்துவிடும். இப்படி ஒரு வாசல் இருப்பதைப் பார்த்தால், அழுத்தம் ஏறியதால் காந்தப்புலம் தாங்க முடியாமல் நிலைகுலைகிறது என்று நினைப்பது இயல்பு. (நிலையாமை என்று எழுதலாம்தான். ஆனால் அது துக்க வீட்டுப் பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. நிலைகுலைவு என்றே வைத்துக்கொள்கிறேன்.) அது உண்மையாக இருந்தால் சேதி மோசம். டோகாமக்கில் அழுத்தத்தை ஏற்றவே முடியாது என்று ஆகிவிடும்.

இரண்டாவது ஆள் பழைய கேடி: ரம்பப்பல் அலைவு. 1974இல் அதே பிரின்ஸ்டனில் இன்னொரு டோகாமக்கில் கண்டுபிடித்தது. மையத்தின் வெப்பநிலை மெதுவாக ஏறி, திடீரென்று விழுந்து, மறுபடி ஏறும். அதற்கும் கியூ ஒன்று என்ற பரப்புக்கும் சம்பந்தம் உண்டு. மென் எக்ஸ் கதிர் உணரிகளில் மீன்முள்ளின் உருவமும் அதே உள் கின்க் உருவமாகவே தெரிந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி முகஜாடை.

நியூட்ரான்தான் வேறு கதை சொன்னது. பி.டி.எக்ஸ்.இல் டியூட்டீரியமும் டியூட்டீரியமும் மோதி 2.45 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களை விட்டன. அதில் பெரும்பங்கு பொதுப் பிளாஸ்மாவிலிருந்து வந்ததில்லை. கற்றையிலிருந்து வந்த வேகமான அயனி, சூடு குறைந்த அயனியோடு மோதும்போது வந்தது. பிணைவு நிகழும் வாய்ப்பு ஆற்றலோடு செங்குத்தாக ஏறுவதால், 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அயனி பாதி ஆற்றலுக்கு இறங்கினாலே அதன் பங்கு பல மடங்கு குறைந்துவிடும். ஆக, நியூட்ரான் எண்ணி என்பது உண்மையில் புதிதாக வந்த, முழு வேகத்தில் இருக்கும் கற்றை அயனிகளின் வருகைப் பதிவேடு.

பதிவேட்டில் எண்ணிக்கை ஒரு மில்லிநொடிக்குள் விழுகிறது. அயனிகள் மோதி மோதி வேகம் இழந்ததால் இது நடந்திருக்குமா? அதற்குப் பத்துக்கணக்கான மில்லிநொடி ஆகும். நேரம் ஒத்துவரவில்லை. அப்படியானால் அவை வேகம் குறையவில்லை. இடத்தை விட்டே போய்விட்டன.

போனதற்குக் கண்கண்ட சாட்சியும் கிடைத்தது. வேகமான அயனி ஒன்று ஓரத்தில் அலையும் நடுநிலை அணுவிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால், அது மின்னூட்டமில்லாமல் நேராக வெளியே பறந்து வந்துவிடும். அதைப் பிடித்து ஆற்றலை அளக்கும் கருவிகள் சுவரில் இருந்தன. மீன்முள் நேரத்தில் அவற்றில் திடீர்க் கூட்டம். அந்தக் கூட்டமும் சீராக வரவில்லை. கலங்கரை விளக்கின் ஒளி கரையிலிருப்பவர் முகத்தில் சுற்றுக்கு ஒருமுறை அடிக்குமே, அப்படி அலை வளையத்தைச் சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பளிச். வெளியேறும் அயனிகள் நாலா பக்கமும் சிதறவில்லை. சுழலும் ஒரு வாசல் வழியாக ஒழுங்காக வெளியேறின.

பொதுப் பிளாஸ்மா நிலைகுலைந்து கொட்டியிருந்தால் இந்த ஒழுங்கு இருந்திருக்காது. கற்றை வலுவில் 20 முதல் 40 சதவீதம் வரை இப்படி வீணாகியிருக்கலாம் என்று 1983 கட்டுரை மதிப்பிட்டது. 5 மெகாவாட் போட்டால் ஒன்றிலிருந்து இரண்டு மெகாவாட் வரை சூடேற்றாமலே சுவருக்குப் போகிறது. பீட்டா எதிர்பார்த்த அளவு ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கற்றை வலு ஏற ஏறப் பிளாஸ்மா தன் சூட்டைத் தக்கவைப்பதும் மோசமாகிறது என்பதை அந்தக் காலத்து டோகாமக்குகள் எல்லாமே காட்டிக்கொண்டிருந்தன.

தள்ளியது யார்

தூரிகள் ஓடும் குடை ராட்டினத்தின் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராட்டினத்தில் இருக்கும் பிள்ளையின் கையில் அவர் ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால், நின்ற இடத்தில் நின்றால் முடியாது. பிள்ளை ஒரு நொடி எதிரே வந்து போய்விடும். அதே வேகத்தில் கூடவே நடந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், வாங்கலாம்.

உள் கின்க் என்ற அலை வளையத்தைச் சுற்றி நகர்கிறது. அதன் புடைப்போடு சேர்ந்து மின்புலமும் இருக்கிறது: ஓரிடத்தில் அயனியை வெளியே தள்ளும், இன்னோரிடத்தில் உள்ளே இழுக்கும். சாதாரண அயனிக்கு இந்தத் தள்ளலும் இழுவையும் மாறி மாறி வந்து கழிந்துவிடும். வாழைப்பழப் பாதையில் சிறைப்பட்ட வேகமான அயனியோ அலை நகரும் அதே வேகத்தில் நகர்கிறது. ஆகவே அது எப்போதும் அலையின் ஒரே இடத்திலேயே இருக்கும். தள்ளும் இடத்தில் இருந்தால் தள்ளல் மட்டுமே கிடைக்கும், கழித்தல் கிடையாது. சுவர் வரைக்கும் ஒரே ஓட்டம்தான். ராஸ்கோ வைட் முதலானோர் இதை 1983இலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஆனால் இதுவரை சொன்னது அலை அயனியைத் தள்ளும் கதை மட்டும். அலையை யார் கிளப்பியது? அதே அயனிதான். வெளிப்பக்கம் புலம் வலுக்குறைவு என்று பார்த்தோம். வலுக்குறைந்த இடத்துக்கு நகரும் அயனி, கோட்டைச் சுற்றும் தன் ஆற்றலில் கொஞ்சத்தை இழக்க வேண்டும். அது இயக்க விதி. இழந்த ஆற்றல் போய்ச் சேர்வது அலையிடம். அலை பெரிதாகும், இன்னும் வேகமாகத் தள்ளும், இன்னும் ஆற்றல் வாங்கும். நடுவில் கூட்டம் அதிகம், ஓரத்தில் குறைவு என்று அயனிகள் குவிந்திருப்பதால், வெளியே போகிறவர்கள்தான் அதிகம். கணக்கு அலைக்கு லாபத்தில்தான் முடியும். 1984இல் லியூ சென், ராஸ்கோ வைட், மார்ஷல் ரோசன்புளூத் மூவரும் எழுதிய கோட்பாட்டின் சாரம் இது. வேகமான அயனிகள் இல்லாவிட்டால் உள் கின்க் எழுவதற்கு இன்னும் அதிக அழுத்தம் தேவைப்பட்டிருக்கும். அவை அந்த வாசற்படியைத் தணித்துவிடுகின்றன. அலையின் அதிர்வெண் பிளாஸ்மாவினுடையதாக இராது. அயனி வளையத்தைச் சுற்றும் அதிர்வெண்ணாக இருக்கும். 20ஐயும் 25ஐயும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது அதுதான்.

இன்னொரு சின்ன விவரமும் இதில் வந்து பொருந்துகிறது. மீன்முள்ளின் கீறல்கள் தலைப்பக்கம் நெருக்கமாகவும் வால் பக்கம் கொஞ்சம் விலகியும் இருக்கும். அதாவது அதிர்வெண் போகப்போகக் குறையும். மேலே போட்ட வகுத்தலைத் திரும்பப் பாருங்கள். அயனி வெளியே போகும்போது தொகுதியில் இருக்கும் ஆற்றல் குறைகிறது, பகுதியில் இருக்கும் சிறிய ஆரம் கூடுகிறது. விடை சரியத்தான் வேண்டும்.

சரி, அலை ஏன் ஓய்ந்துபோகிறது? தீனி தீர்ந்துவிடுவதால். வேகமான அயனிகளை வெளியே தள்ளிவிட்டபின் அதற்கு ஆற்றல் கொடுக்க ஆள் இல்லை. அலை சாகும். கற்றை மீண்டும் அயனிகளை நிரப்பும். எண்ணிக்கை வாசற்படியைத் தாண்டும், அலை எழும். மளிகைக் கடையில் எலி பெருகினால் பூனைக்குக் கொண்டாட்டம். எலி தீர்ந்தால் பூனை இளைத்துவிடும். பூனை இளைத்தால் எலி மறுபடி பெருகும். 1984 கோட்பாடு இப்படி ஒரு சுழற்சியை இரண்டே சமன்பாட்டில் எழுதி, முள்ளின் உருவத்தையும் நியூட்ரான் கோட்டின் ரம்பத்தையும் சேர்த்தே வரைந்துகாட்டியது. முட்களுக்கு இடையிலான 1 முதல் 6 மில்லிநொடி என்பது எலி பெருக எடுக்கும் நேரம்.

வழக்கு அதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 1986இல் புரூனோ கோப்பியும் பிரான்செஸ்கோ போர்செல்லியும் வேறொரு விளக்கத்தோடு வந்தார்கள். அவர்கள் கணக்கில் அலை எடுத்துக்கொள்ளும் அதிர்வெண் வேகமான அயனிகளுடையது அல்ல. பொதுப் பிளாஸ்மாவின் அழுத்தச் சரிவால் வரும் இயல்பான நகர்வின் அதிர்வெண். வேகமான அயனிகள் அங்கே ஆற்றல் தருவதோடு சரி. இரண்டு குழுவுக்கும் இடையே கொஞ்ச நாள் காரசாரம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். படிப்பவருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஒரே சமன்பாட்டில் இரண்டு கிளைகளும் இருக்கின்றன. அயனிகளின் ஆற்றலையும் எண்ணிக்கையையும் பொறுத்து ஒன்றோ மற்றொன்றோ எழும். பி.டி.எக்ஸ்.ஐப் பொறுத்தவரை எண்கள் முதல் கிளைக்கே நன்றாக ஒத்துவருகின்றன என்பது என் கருத்து.

இடையில் ஒரு வினோதம். இங்கிலாந்தில் இருந்த ஜெட் டோகாமக்கில் 1980களின் பின்பாதியில் ரேடியோ அலைகளால் அயனிகளைச் சூடேற்றினார்கள். அதுவும் வாழைப்பழப் பாதையில் சிறைப்படும் வேகமான அயனிகளைத்தான் உண்டாக்கும். அங்கே ரம்பப்பல் அலைவு அடங்கிப்போய், மையம் நொடிக்கணக்கில் விழாமல் சூடாகவே இருந்தது. அதற்கு 'ராட்சத ரம்பப்பல்' என்று பெயர். காரணம் அதே அயனிகள்தான். அவை அலையைவிட நிறைய வேகமாகச் சுற்றினால், மெதுவான கின்க்குக்கு விறைப்பான கம்பி போல் நின்று அதை எழவிடாது. எண்ணிக்கை மிஞ்சினால் அவையே தங்களுக்குத் தோதான வேகத்தில் ஓர் அலையைக் கிளப்பிவிடும்.

கற்றையைத் திருப்பினார்கள்

கோணம்தான் குற்றவாளி என்றால் கோணத்தை மாற்றிவிட வேண்டியதுதானே? பி.டி.எக்ஸ்.ஐப் பிரித்து, குறுக்குவெட்டு முந்திரிக்கொட்டை வடிவில் வருமாறு மாற்றிக் கட்டினார்கள். 1984இல் பி.பி.எக்ஸ். என்ற பெயரில் அது வேலை தொடங்கியது. உட்பக்கம் குழிந்த அந்த வடிவம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் என்பது திட்டம். கற்றைகளிலும் குறுக்கானவற்றோடு சாய்வாக எய்பவையும் சேர்ந்தன.

சாய்வாக எய்த அயனிகள் சிறைப்படுவதில்லை. வாழைப்பழம் இல்லை, அதன் மெதுவான சுற்று இல்லை, ராட்டினத்தோடு கூட நடப்பவரும் இல்லை. மீன்முள் வரக் கூடாது.

1986இல் வில்லியம் ஹைட்பிரிங்க் முதலானோர் அறிவித்தது இது: சாய்வாக எய்யும்போது இரண்டு வகை நிலைகுலைவுகள் விட்டு விட்டு வருகின்றன. ஒன்று 20 முதல் 30 கிலோ ஹெர்ட்ஸ், பிளாஸ்மாவே வளையத்தில் சுழலும் வேகத்தை ஒட்டியது. மற்றொன்று 120 முதல் 210 கிலோ ஹெர்ட்ஸ். இரண்டிலும் நியூட்ரான் எண்ணிக்கை விழுகிறது. சுவரோரக் கருவிகளில் வேகமான அணுக்களின் கூட்டம் தெரிகிறது. மையத்திலிருந்து அயனிகள் போகும் அளவு, குறுக்காக எய்தபோது மீன்முள் கொண்டுபோன அளவுக்குச் சமமாகவே இருந்தது.

கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாகப் போகிறார்கள்.

அந்த 120–210 கிலோ ஹெர்ட்ஸ் எண் கவனிக்க வேண்டியது. அயனி புலக்கோட்டின் வழியாக ஓடும் வேகத்தோடு இசையக்கூடிய அலைகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. காந்தக்கோட்டை வீணைத் தந்தி என்று நினைத்தால், அதைச் சுண்டினால் ஓடும் அலைக்கு ஆல்ஃபென் அலை என்று பெயர். ஹன்னஸ் ஆல்ஃபென் 1942இல் எழுதியது. தந்தியின் இழுவிசைக்குப் பதில் புலத்தின் வலு, தந்தியின் எடைக்குப் பதில் பிளாஸ்மாவின் அடர்த்தி. வளையத்தில் இந்த அலைகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே கலைந்து அழிந்துவிடும். சில அதிர்வெண் இடைவெளிகளில் மட்டும் அழியாமல் நிற்கும் என்று 1980களின் நடுவில் பிரின்ஸ்டனிலேயே கணக்கிட்டார்கள். 1991இல் டி.எஃப்.டி.ஆர். என்ற பெரிய டோகாமக்கில் வேண்டுமென்றே புலத்தைக் குறைத்து, ஆல்ஃபென் வேகம் கற்றை அயனியின் வேகத்துக்கு இறங்கி வருமாறு செய்து பார்த்தார்கள். அலை எழுந்தது. அதே ஆண்டு சான் டியேகோவின் டி.மூன்று.டி. கருவியிலும் எழுந்தது.

ஆல்ஃபா துகள்கள்

கற்றையின் கோணத்தையாவது நாம் முடிவு செய்யலாம். டியூட்டீரியமும் டிரிட்டியமும் (அதைவிடக் கனத்த ஹைட்ரஜன்) பிணையும்போது பிறக்கும் ஆல்ஃபா துகளுக்கு (ஹீலியம் அணுக்கரு) அந்தப் பேச்சே இல்லை. 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் 3.5 அதன் பங்கு. மிச்சம் நியூட்ரானோடு வெளியே போய்விடும். எரியும் பிளாஸ்மாவைச் சூடாக வைத்திருக்க வேண்டியது இந்த 3.5தான். அது எல்லாத் திசையிலும் சமமாகப் பிறக்கும்: சில சிறைப்படும், சில ஓடும். வேகம் நொடிக்கு 13,000 கிலோமீட்டர். பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் டோகாமக்கின் 5.3 டெஸ்லா புலத்தில், கன மீட்டருக்கு 10-இன் 20-ஆம் அடுக்கு அயனிகள் இருந்தால், ஆல்ஃபென் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். பிறக்கும்போதே ஆல்ஃபா முன்னால் இருக்கிறது. வேகம் குறைந்து வரும் வழியில் அலையைக் கடந்துதான் வர வேண்டும்.

இதை நிஜ ஆல்ஃபாக்களை வைத்துப் பார்க்கக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு டி.எஃப்.டி.ஆர். 1993 டிசம்பரில் அங்கே டிரிட்டியத்தைக் கலந்து ஓட்ட ஆரம்பித்தார்கள். 1994 நவம்பரில் 10.7 மெகாவாட் பிணைவுத் திறன் கிடைத்தது. ஆல்ஃபா கிளப்பும் ஆல்ஃபென் அலை வரும் என்று காத்திருந்தவர்களுக்கு, அவ்வளவு திறன் ஓடும்போதும் அது தெரியவில்லை. பிறகு, மையத்தில் கியூவை ஒன்றுக்கு மேல் உயர்த்தி, திருகலின் ஏற்றத்தாழ்வைக் குறைத்து வைத்த பிளாஸ்மாவில், ரஃபி நசிகியான் முதலானோர் அதைப் பிடித்தார்கள்; 1997இல் வெளியிட்டார்கள். அலை எழுந்தது கற்றை ஓடும்போது அல்ல. கற்றையை நிறுத்தி 100 முதல் 200 மில்லிநொடி கழித்து. அதுவரை அலையின் ஆற்றலை உறிஞ்சி அதை எழவிடாமல் அமுக்கி வைத்திருந்தவர்களில் கற்றை அயனிகளும் இருந்தன.